சொம்பி வந்தால் எந்தத் துவக்கு

அக்டோபர் 6, திங்கள்

நூலகத்தில் இங்கிலிஷ் படிப்பிக்கிற ரீச்சர் ஒவ்வொரு நாளும் பத்து வரி எழுதச் சொல்லியிருக்கிறா. குடியுரிமைச் சோதனை எழுதியாகிவிட்டது, இனி என்னத்துக்கு என்று கேட்டேன். பழக்கத்துக்கு என்றா. இங்கிலிஷில் எழுதினால் நான் எழும்பினேன், வேலைக்குப் போனேன், வந்தேன் என்பதோடு முடிந்துவிடுகிறது. அதனால் இந்தக் கொப்பியில் தமிழில் எழுதுகிறேன். ரீச்சருக்குக் காட்டப் போவதில்லை.

இப்போது மூன்று மணி பத்து. மகள் ஆரபியின் பள்ளிக்கூட வாசலில் காருக்குள் இருக்கிறேன். பிள்ளைகளை விட இன்னும் இருபது நிமிஷம்.

இன்று சமோசா மடிக்கிற மெஷின் இரண்டு தரம் நின்றது. பெட்டி கட்டுகிற எங்களுக்குச் சும்மா இருக்க நேரம் கிடைத்தது. டெவன் ஒரு விளையாட்டுத் தொடங்கினான். எங்கள் ஷிப்டில் பெட்டிகளை ஏற்றி இறக்குகிறவன், வயது முப்பது இருக்கும். மான் வேட்டைக்கு லைசென்ஸ் எடுத்திருக்கிறான். துவக்கு வாங்கப் போகிறானாம், எதை வாங்குவதென்று முடிவெடுக்க முடியவில்லையாம். அதற்காக எல்லோரிடமும் ஒரு கேள்வி: நாளைக்குப் பேய்ப் படத்தில் வருகிற சொம்பிகள் வந்தால், ஒரே ஒரு துவக்குத்தான் எடுக்கலாம் என்றால், எதை எடுப்பாய்?

றொவீனா, என் பக்கத்தில் பெட்டி கட்டுகிற பிலிப்பீன்ஸ்காரி, தன் மாமாவிடம் இருந்த இரட்டைக்குழல் துவக்கு என்றாள். நான் எனக்கு இதொன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவப் போனேன். இன்று கத்தரிக்காய்க்கு உப்புக் கூடிப்போனது.

அக்டோபர் 7, செவ்வாய்

முட்டை, பால், ஆரபிக்குக் கையுறை. ரூபனின் ட்ரக்குக்கு ரயர் மாற்ற வேணும். வேறொன்றுமில்லை.

அக்டோபர் 9, வியாழன்

டெவன் விடவில்லை. எல்லோரும் சொல்லியாகிவிட்டது, நீ மட்டும்தான் பாக்கி என்றான். தூரத்துக்குச் சுடுகிற வேட்டைத் துவக்கா, படபடவென்று சுடுகிற கறுப்புத் துவக்கா என்று அவனும் றொவீனாவும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் பிழையாகக் கதைத்தார்கள். ஒருவர் பிழையாகக் கதைத்தால் எனக்குப் பொறுக்காது. சமையலிலும் அப்படித்தான்.

தூரம் முக்கியமில்லை, கிட்ட வரும்வரை வருகிறது யாரென்று தெரியாது என்றேன். தண்ணிக்குள் விழுந்து எடுத்தாலும் வேலை செய்ய வேணும். சேறு போனால் அடைக்கக் கூடாது. ரவை எங்கேயும் பொறுக்கக்கூடியதாய் இருக்க வேணும். பாரம் குறைவாய் இருக்க வேணும், ஏனென்றால் சுடுகிற நேரம் கொஞ்சம், தூக்கிக் காவுகிற நேரம்தான் கூட. பிறகு, ஒரு சின்னப் பிள்ளைக்கும் கழற்றிப் பூட்ட ஒரு கிழமையில் பழக்கக்கூடியதாய் இருக்க வேணும்.

ஏன் சின்னப் பிள்ளை என்று றொவீனா கேட்டாள். பெரிய ஆட்கள் முடிந்துபோனால் என்றேன். அதற்குப் பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது. என் கணவர் சொம்பித் தொடர் பார்க்கிறவர், அதில் அப்படி வந்தது என்று சொன்னேன். ரூபன் அந்தத் தொடர் பார்ப்பது உண்மைதான்.

டெவன் எழும்பி நின்று சல்யூட் அடித்தான். "கப்டன்" என்றான்.

அக்டோபர் 10, வெள்ளி

காலையில் கார்ட் அடிக்கிற இடத்தில் சுப்பவைசரும் என்னைக் கப்டன் என்று கூப்பிட்டா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எங்கள் பக்கத்தில் அந்தப் பட்டம் அனேகமாய்ச் சண்டையில் செத்த பிறகுதான் கிடைக்கும். எங்கள் பக்கம் என்றால், பேப்பரில் வாசித்தது.

இந்தக் கொப்பியைக் காரின் பின்பக்கம், மேலதிகச் சில்லுக்குக் கீழே வைக்கிறேன். வீட்டில் ஆரபி கிறுக்கிப்போடுவாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

நேற்று விடுமுறை. ரூபனின் தமையன் வீட்டில் விருந்து. கோழியை ஓவனில் வைத்துவிட்டு எல்லோரும் காணி விலை கதைத்தார்கள்.

இன்று எங்கள் மேசைக்குப் புது ஆள். தவமலர் அக்கா. ஐம்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, வலது காதில் தோடு இல்லை, காது கிழிந்து ஆறியிருக்கிறது. தமிழ் ஆள் என்று சுப்பவைசர் என்னிடம் கொண்டுவந்து விட்டா. இங்கிலிஷ் குறைவு, நீதான் சொல்லிக்கொடு என்றா. எந்த இடம் என்று கேட்டேன். வன்னி என்றா. சண்டை முடிகிற கடைசிவரைக்கும் உள்ளுக்குள் இருந்தவவாம்.

"நீர் எந்த இடம், பிள்ளை?"

யாழ்ப்பாணம் என்றேன். நல்லூர்ப் பக்கம். சண்டைக்கு முதலே கொழும்புக்கு வந்திட்டம் என்றும் சொன்னேன். கேட்காததையும் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 15, புதன்

சோதனை பாஸ். இருபதுக்குப் பத்தொன்பது. சத்தியப்பிரமாணம் டிசம்பர் நாலாம் திகதி. ரூபன் கடிதத்தை ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறார். அதில் கீழே ஒரு வரி: முன்பு தந்த விபரங்களில் மாற்றம் அல்லது பிழை இருந்தால் உடனே அறிவிக்கவும். எல்லோருக்கும் போடுகிற வரிதான்.

ரூபன் கேக் வாங்கிவந்தார். நல்ல கேக்.

அக்டோபர் 20, திங்கள்

உம்மை ஏன் கப்டன் எண்டு கூப்பிடுகினம் என்று தவமலர் அக்கா கேட்டா. பகிடிக்கு என்றேன். அவ சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தபடி இடியப்பத்தைப் பிய்த்துப் பிய்த்து வைத்தா, வாயில் வைக்கவில்லை.

ரூபன் இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டுக் கேட்டிருந்தார். தேங்காய் வாங்க மறந்துவிட்டேன்.

அக்டோபர் 23, வியாழன்

கை குளிர்ந்துபோய் இருக்கிறது. காரில் ஹீற்றர் போட்டிருக்கிறேன்.

டெவன் விளையாட்டைக் கொஞ்சம் மாற்றினான். சொம்பிக்குள் தெரிந்த முகம் இருந்தால் சுடுவாயா என்று ஒவ்வொருவராய்க் கேட்டான். தவமலர் அக்கா என் கையைத் தட்டி, இவன் ஒவ்வொரு நாளும் என்னதான் கதைக்கிறான், எனக்கும் சொல்லுமன் என்றா. சொல்லத்தான் வேண்டியிருந்தது. சொம்பியென்றால் என்னவென்று தமிழில் எப்படிச் சொல்வது? செத்தும் சாகாத ஆட்கள் என்றேன். கூட்டமாய் வருவினம். பசியில் வருவினம். உடம்பெல்லாம் ஊத்தை, சேறு, ரத்தம். கதைக்க மாட்டினம். நில் என்றால் நிற்க மாட்டினம். கையை நீட்டிக்கொண்டு வந்துகொண்டே இருப்பினம்.

அவ சோற்றுப் பெட்டியைக் கிட்ட இழுத்தா.

"அது நாங்கள்தானே" என்றா.

டெவன் என்ன சொல்கிறா என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். அவ எனக்கு மட்டும் சொன்னா, சத்தம் கூட்டாமல், ஆறின சோற்றைப் பிசைந்துகொண்டு. நீரேரிக்குள்ளால் வந்தார்களாம். நெஞ்சளவு தண்ணி. மூன்று நாள் சாப்பாடில்லை. முன்னால் போகிற ஆளின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்களாம், ஏனென்றால் கண்ணைத் திறந்தபடியே நித்திரையாகிவிட்டதாம். அணைக்கட்டில் துவக்கோடு பிள்ளைகள் நின்றார்களாம். பெட்டைகள்தான். திரும்பிப் போங்கோ என்று கத்தினார்களாம். பின்னால் செல் குண்டு விழுகிறது, எங்கே திரும்புவது? நிற்காமல் வந்தார்கள். ஒரு பிள்ளை சுட்டது. அவவின் மனுசனுக்குத் தொடையில் பட்டது. காவிக்கொண்டு கரைக்கு வந்தார்கள். எட்டாம் நாள் முகாம் ஆஸ்பத்திரியில் ஆள் போய்விட்டார்.

"அந்தப் பிள்ளையின்ர முகம் ஞாபகம் இல்லை. குரல் இருக்கு" என்றா.

நான் எழும்பிப் போய் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தேன். டெவனுக்குச் சீனி போட மறந்துவிட்டேன். மிச்ச நேரம் முழுக்க ஒரு சொல்லும் தமிழில் கதைக்கவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

வேலைக்குப் போகவில்லை. வயிற்றுக்குத்து என்று சொன்னேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

தடிமன் பிடித்ததுபோல் தொண்டையைக் கட்டிக்கொண்டு கதைக்கிறேன். அவவுக்கு ஏதும் சொல்ல வேண்டியிருந்தால் கையால் காட்டுகிறேன். இஞ்சியும் கொத்தமல்லியும் அவித்துக் குடிக்கும் பிள்ளை என்று அவ போத்தலில் கொண்டுவந்து தந்தா. குடித்தேன். சுடச்சுட இருந்தது. நல்ல மனுசி.

பின்னேரம் ஒரு தெரியாத நம்பரில் இருந்து ரெலிபோன். எடுக்கவில்லை. பல்லு டொக்டரின் இடம்தான், ஆரபிக்கு நாள் கொடுக்க எடுத்திருக்கிறார்கள்.

அக்டோபர் 30, வியாழன்

டெவன் இரண்டு துவக்குக்கு வந்து நிற்கிறான். ஞாயிற்றுக்கிழமை சூட்டுப் பயிற்சி நிலையத்தில் இரண்டையும் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்க்கப் போகிறானாம், எல்லோரும் வாருங்கள் என்றான். எனக்கு வேலையிருக்கிறது என்றேன். ட்ரக்கை ரயர் மாற்றக் கொடுத்துவிட்டு, பின்னேரம் காரில் என்னை ஏற்ற வந்த ரூபனிடமும் டெவன் சொல்லிவிட்டான். ரூபனுக்குச் சின்னப் பிள்ளை போலச் சந்தோஷம். ஆரபியைத் தமையன் வீட்டில் விடலாம் என்று அங்கேயே முடிவெடுத்துவிட்டார்.

வர மாட்டேன் என்று இரண்டு தரம் சொன்னேன். மூன்றாம் தரம் சொன்னால் ஏன் என்று கேட்பார்.

நவம்பர் 2, ஞாயிறு

வீட்டுப் பேஸ்மென்டில், உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்குப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். நாளைவரை வைத்திருக்க முடியாது.

வடக்குப் பக்கம் ஒரு மணித்தியால ஓட்டம். வெட்டின சோள வயல், மாடுகள். உள்ளே போனதும் அந்தத் துவக்கு எண்ணெய் மணம். வாசலிலேயே கால் நின்றுவிட்டது. ரூபன் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

என்ன செய்வதென்று வழி முழுக்க யோசித்து வைத்திருந்தேன். பிழையாகப் பிடிக்க வேணும், தோளோடு சேர்க்கக் கூடாது, சத்தத்துக்குக் கண்ணை மூட வேணும். அப்படியே செய்தேன். தாடி வைத்த பயிற்றுநர் இரண்டு தரம் என் முழங்கையைத் திருத்திவிட்டார். ஐந்து சுட்டேன், ஒன்றும் குறி மட்டையில் படவில்லை. கப்டன் இப்படியா என்று டெவன் பகிடி பண்ணினான். எனக்கு மூச்சு வந்தது.

பிறகு றொவீனாவின் முறை. பயிற்றுநர் மற்றப் பக்கம் டெவனுடன் நின்றார். இரண்டு சூட்டுக்குப் பிறகு அவளுடையது அடைத்துவிட்டது. அடைத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே அவள் திரும்பினாள், துவக்கும் அவளோடு திரும்பியது. விரல் விசையில் இருந்தது. குழல் ரூபனின் வயிற்றுக்கு நேரே நின்றது.

அடுத்தது எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. ரூபன் சொன்னதைத்தான் எழுதுகிறேன். நான் தமிழில் கத்தினேனாம். இடது கையால் குழலை நிலத்துக்கு அமத்தி, வலது கையால் ரவைக்கூட்டைத் தட்டி விழுத்தி, பின்னுக்கு இழுத்து, உள்ளே சிக்கியிருந்த ரவையை வெளியே எடுத்து, அறைக்குள் விரல் விட்டுப் பார்த்துவிட்டுத் துவக்கை மேசையில் வைத்தேனாம். ஒரு இருமல் இருமுகிற நேரம் என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். றொவீனா அழுதாள். எங்கே பழகினாய் என்று பயிற்றுநர் கேட்டார், நல்ல மனதோடுதான் கேட்டார். ரூபன் கைதட்டவில்லை.

திரும்பி வரும்போது ரேடியோவைப் போட்டார். வீடு வரும்வரை ஒரு பாட்டும் மாற்றவில்லை.

நவம்பர் 3, திங்கள்

ரூபன் சொம்பித் தொடரைப் பார்க்கவில்லை. செய்தி பார்த்தார். செய்தி முடிந்த பிறகும் அதே கதிரையில் இருந்தார்.

நவம்பர் 5, புதன்

ஆரபிக்கு ஒரு பல்லு விழுந்தது.

நவம்பர் 7, வெள்ளி

இன்று அரை நாள் லீவு எடுத்தேன். ஏரிக்கரைப் பூங்காவில் கார் நிறுத்தியிருக்கிறேன். இதைப் பள்ளிக்கூட வாசலில் வைத்து எழுத முடியாது.

பத்து நாளாய் அவவிடம் துண்டு துண்டாய்க் கேட்டுக்கொண்டு வந்தேன். யாரோ ஒருவர் அக்கறையில் கேட்பதுபோல. எந்தப் பக்கத்தால் வந்தனீங்கள்? வெளிச்சம் இருந்ததோ? அணைக்கட்டில் எத்தனை பேர்? அவ ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னா. உடைந்த தண்ணித் தாங்கிக்குப் பக்கத்தால் என்றா. அந்த இடம்தான். விடிகிற நேரம் என்றா. அந்த நேரம்தான். இரண்டு பெட்டைகள் என்றா. அன்று முழுக்க நான் கட்டின பெட்டிகளில் எட்டுத் திருப்பி வந்தது.

நேற்றுத்தான் என்ன நாள் என்று கேட்கத் துணிந்தேன். சித்திரை வருஷப்பிறப்புக்குப் பிறகு ஆறாம் நாள் என்றா. வருஷப்பிறப்பண்டு பங்கருக்குள் சர்க்கரையில்லாமல் ஒரு பிடி அரிசி அவித்தவவாம், அதை வைத்து நாள் நிச்சயம் என்றா.

வருஷப்பிறப்பண்டு நான் ஆஸ்பத்திரிக் கொட்டிலில் தோள் காயத்துக்குப் பஞ்சு அடைத்தபடி கிடந்தேன். அதற்குப் பிறகு துவக்குத் தொடவே இல்லை. அது நான் இல்லை.

கடவுளே என்று இருந்தது. லொக்கர் அறைக்கு ஓடிப்போய் முகத்தைக் கழுவினேன். கண்ணாடியில் சிரித்துக்கொண்டு நின்றேன். ஈரக் கையைத் துடைக்கக் கடதாசி இழுத்தபோதுதான் விளங்கியது. அவவின் ஆளை நான் சுடவில்லையென்றால், நான் சுட்டது வேறு ஒருவரின் ஆளை. அவவைப்போல ஒருத்தி வேறெங்கேயோ இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டு இருக்கிறாள்.

எழுதத் தொடங்கிவிட்டேன், முழுக்க எழுதுகிறேன்.

எனக்குப் பதினேழு. மாசி கடைசியில் கஞ்சி வரிசையில் நின்றபோது இயக்கம் பிடித்துக்கொண்டு போனது. அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்தா, கிழிந்தது. தலைமயிரை வெட்டினார்கள். பழக்கினது ஒரு கிழமை. பங்குனியில் அணைக்கட்டில் விட்டார்கள். சனம் தண்ணிக்குள் இறங்கி அந்தப் பக்கம் போகாமல் மறிக்க வேணும், அதுதான் வேலை. என்னோடு நின்ற பிள்ளைக்கு என்னைவிட வயது குறைவு.

விடிந்துகொண்டு வரும்போது வந்தார்கள். முதலில் தலைகள் மட்டும். பிறகு தோள். மயிர்வரைக்கும் சேறு, ஆணா பெண்ணா என்று தெரியாது. மூட்டையைத் தலையில் வைத்திருந்தார்கள். திரும்பிப் போங்கோ என்று கத்தினேன். கெஞ்சித்தான் கத்தினேன். ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை, வந்துகொண்டே இருந்தார்கள். எங்களுக்குப் பின்னால் நின்ற பொறுப்பாளர் அக்கா சுடு என்றா. அவவின் துவக்கு எங்கள் முதுகுக்கு நேரே இருந்தது. அப்படி இருந்தது என்று நினைக்கிறேன். திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று தண்ணிக்குச் சுட்டேன். அவர்கள் நிற்கவில்லை. எனக்கு அவர்களைப் பார்க்கப் பயமாக இருந்தது. இதுதான் உண்மை. பின்னால் நின்றவவுக்குப் பயந்தது பாதி, வந்தவர்களுக்குப் பயந்தது பாதி. நாலாவது தண்ணிக்கு இல்லை.

அந்த ஆள் விழவில்லை. களைத்துப்போன ஆள் குந்துவதுபோலத் தண்ணிக்குள் குந்தியது. பக்கத்தில் வந்தவர்கள் தூக்கினார்கள். என்னைத் தாண்டி, நான் நின்ற இடத்தில் இருந்து பத்து அடி, தூக்கிக்கொண்டு போனார்கள். நான் மறிக்கவில்லை, பிறகு சுடவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் செல் விழுந்து எனக்குத் தோளில் பட்டது.

அந்த ஆள் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

பிறகு முகாமில், ஒரு நாளாவது இயக்கத்தில் இருந்தவர்கள் எழும்புங்கோ என்று ஆமிக்காரர் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எழும்பினவர்களைப் பஸ்ஸில் ஏற்றினார்கள். நான் அம்மாவின் மடியில் தலையை வைத்து நித்திரைபோலக் கிடந்தேன். அன்றைக்குத் தொடங்கி யார் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன்.

நவம்பர் 12, புதன்

முதல் பனி. சின்னப் பனிதான், புல்லில் மட்டும்.

நேற்று நான் ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டு நிற்க ரூபன் வெங்காயம் உரித்தார். அவர் வெங்காயம் உரிக்கிற ஆள் இல்லை. மூன்றாவது வெங்காயத்தில் சொன்னார்.

"அண்டைக்கு நீர் துவக்கைப் பாக்கவே இல்லை. என்ர முகத்தைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனீர். கை தன்ர பாட்டில செய்தது."

நான் மாவைக் குழைத்தேன்.

ஸ்பொன்சர் படிவம் ஞாபகம் இருக்கோ என்று கேட்டார். ஆயுதம் வைத்திருந்த அமைப்பில் இருந்தனீரோ என்று ஒரு கேள்வி. இல்லை என்று அடையாளம் போட்டது தான்தான் என்றார். எனக்கு அப்போது இங்கிலிஷ் தெரியாது, காட்டின இடத்தில் கையெழுத்து வைத்தேன்.

"உம்மட்டைக் கேக்கேல்லை. கேட்டால் ஓம் எண்டு சொல்லிப்போடுவீர் எண்டு பயம். உம்மட பழைய அடையாள அட்டைப் படத்தில காதுக்கு மேல தலைமயிர். எனக்கு விளங்கினது. ஒன்பது வருஷமாய் எனக்கும் விளங்கிக்கொண்டுதான் இருந்தது."

அவரும் என்னைப்போலவே ஒவ்வொரு கடிதத்தையும் பயந்து பயந்து திறந்திருக்கிறார். ஒரு வீட்டுக்குள் இரண்டு பேரும் தனித்தனியாய். நான் எல்லாவற்றையும் சொன்னேன், நாலாவதையும் சொன்னேன். முடிந்ததும் குப்பை வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். கால் மணித்தியாலம் வரவில்லை. யன்னலால் பார்த்தேன், மேல்சட்டை இல்லாமல் பனிக்குள் நின்றார். திரும்பி வந்து, ரொட்டி கருகுது என்றார்.

இன்று வேலைக்குப் போக முதல், ஒரு வக்கீலோடு கதைப்பம் என்றார். ஃபிரிட்ஜில் இருந்த கடிதத்தை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

நவம்பர் 14, வெள்ளி

தவமலர் அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

ரூபன் வேண்டாம் என்றார். ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், ஆரபியின் பள்ளிக்கூடம்வரை வரும் என்றார். அவர் சொன்னது சரி. ஆனால் அவ நேற்றும் எனக்கு இஞ்சித் தண்ணி கொண்டுவந்தா.

ஷிப்ட் முடிந்து பஸ் தரிப்பில் அவவோடு நின்றேன். தொண்டையைக் கட்டாமல், என் குரலிலேயே சொன்னேன். உங்கட ஆளுக்குப் பட்டது என்ர சூடு இல்லை, அதுக்கு ஒரு மாசம் முந்தி, அதே இடத்தில வேறொரு ஆளுக்கு என்றேன். அவ ரோட்டைப் பார்த்தபடி நின்றா. ஒரு பஸ் வந்தது, ஏறவில்லை.

"ஆம்பிளையோ, பொம்பிளையோ?"

"தெரியாதக்கா. சேறு."

"எத்தினை பேர் தூக்கினவை?"

"மூண்டு பேர்."

அடுத்த பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டா. என் பக்கம் திரும்பவில்லை.

நவம்பர் 17, திங்கள்

அவ கதவோரத்து மேசைக்குப் போய்விட்டா. தனியாக இருந்து சாப்பிட்டா. என்ன சண்டையா என்று றொவீனா கேட்டாள். இல்லை என்றேன். சண்டையென்றால் பரவாயில்லை.

ரெலிபோன் அடித்தால் எழும்பிவிடுகிறேன். கோயிலுக்குப் போகவில்லை. தமிழ்க் கடைக்கும் போகவில்லை, சீனன் கடையில் வெண்டைக்காய் வாங்கினேன். முற்றல்.

நவம்பர் 20, வியாழன்

வக்கீல் பெண், வயது போனவ. முழுக்கக் கேட்டா. சொன்னால் என்ன நடக்கும் என்று உறுதியாய்ச் சொல்ல முடியாது, சொல்லாமல் விட்டாலும் அப்படித்தான் என்றா. பதினேழு வயதும் பிடித்துக்கொண்டு போனதும் எனக்குச் சாதகமாம். படிவத்தில் பொய் சொன்னது பாதகமாம். டிசம்பர் நாலை ஒத்திப்போடக் கேட்டு எழுதியாகிவிட்டது. திரும்பி வரும்போது ரூபன் என் கையைப் பிடித்திருந்தார். அவர் கை என் கையைவிடக் கூட வேர்த்திருந்தது.

டெவன் துவக்கு வாங்கிவிட்டான். சாதாரண வேட்டைத் துவக்கு, ஒவ்வொரு சூட்டுக்கும் இழுத்துப் பூட்டுகிறது. படம் காட்டினான். நல்லது என்றேன்.

நவம்பர் 25, செவ்வாய்

காலையில் லொக்கர் அறையில் நான் தொப்பி வலை போட்டுக்கொண்டிருக்கும்போது தவமலர் அக்கா உள்ளே வந்தா. கதவைச் சாத்தினா. அடிக்கப் போகிறா என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

அவ நீள வாங்குப் பலகையில் இருந்தா. பதினொரு நாளாய் நித்திரையில்லை என்றா. உம்மைக் காண ஏலாமல் இருந்தது, இப்பவும் ஏலாது என்றா. பிறகு, நீரேரிக்குள்ளால் வந்த சனத்தில் இந்த நாட்டில் இருக்கிற கொஞ்சப் பேர் வருஷத்துக்கு ஒரு தரம் ஒரு மண்டபத்தில் கூடுகிறவர்கள் என்று சொன்னா. ஆர் எந்த நாள் வந்தது, ஆரைக் கொண்டுவந்தது, ஆரை விட்டது என்று ஒருவருக்கொருவர் தெரியுமாம். மற்ற நாடுகளில் இருக்கிறவர்களோடும் தொடர்பிருக்காம்.

"பங்குனியில அந்தத் தாங்கிப் பக்கத்தால வந்ததில, மூண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்த ஆள் ஆரெண்டு என்னால விசாரிக்கேலும். ஆள் இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். இருந்தாலும் இல்லாட்டியும், அதுக்குப் பிறகு நீர்தான் போய்க் கதைக்கோணும். நான் வரமாட்டன். விசாரிக்கட்டோ?"

லொக்கர் கதவைப் பிடித்துக்கொண்டேன். வேண்டாம் என்று சொன்னால் அவ எழும்பிப் போய்விடுவா, இனி ஒருவரும் என்னிடம் இதைக் கேட்க மாட்டார்கள். ஆரபி ஞாபகத்துக்கு வந்தாள், பனிக்குள் நின்ற ரூபன் ஞாபகத்துக்கு வந்தார்.

ஓம் என்றேன்.

சத்தம் வரவில்லை போல. அவ என்ன என்று கேட்டா. ஓம் அக்கா என்று திரும்பச் சொன்னேன்.

பைக்குள் இருந்து ஒரு மருந்துச் சீட்டை எடுத்துப் பின்பக்கம் திருப்பினா. நாள் கேட்டா, சொன்னேன். நேரம் கேட்டா. சூரியன் எந்தக் கைப்பக்கம் என்று கேட்டா. எல்லாவற்றையும் பெரிய பெரிய எழுத்தாய் எழுதினா. உம்மட பேர் சொல்லமாட்டன், ஒரு பிள்ளை கேட்டது எண்டு மட்டும் சொல்லுறன் என்றா.

"இல்லை அக்கா. பேரைச் சொல்லுங்கோ."

அவ என்னைப் பார்த்தா. பதினொரு நாளுக்குப் பிறகு முதல் தரம் நேரே பார்த்தா. பிறகு சீட்டையும் பேனையையும் என் பக்கம் நீட்டி, அப்ப நீரே எழுதும் என்றா.

வாங்கில் வைத்து எழுதினேன். முதல் எழுத்துக் கோணிப்போய் விளங்கவில்லை. அதை வெட்டிவிட்டு, பக்கத்தில் திரும்பவும் எழுதினேன்.